பெட்டி போனாலும் கணக்கு நிற்குமா?

இணையத்தின் வழியே ஒரு கடைக்குப் பணம் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதைக் குறித்துக்கொண்ட நிரல் அடுத்த நிமிடமே ஒழிந்து, வேறொரு கணிப்பொறியில் புதிதாகத் தொடங்கப்படலாம். அப்படியானால் உங்கள் கணக்கு என்னவாகும்?

இக்கேள்வியை எழுப்பியது 'கொள்கலன்' முறை. ஒரு நிரலையும் அதற்கு வேண்டிய துணைக் கோப்புகளையும் ஒரே கட்டாகக் கட்டி, எந்தக் கணிப்பொறியிலும் இறக்கி ஓட்டுவதே இம்முறை. துறைமுகத்து இரும்புப் பெட்டிகளிலிருந்து வந்த பெயர் இது. 2013-இல் டாக்கர் என்னும் மென்பொருள் இதைப் பரப்பியது. மறு ஆண்டு கூகுள் நிறுவனம் கூபர்நெட்டிஸை வெளியிட்டது. கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். கணிப்பொறிக் கூட்டமொன்றில் ஒரு கொள்கலன் செயலிழந்தால், இது வேறோர் இடத்தில் மாற்றுக் கொள்கலனைத் தொடங்கிவிடும். ஆனால் பழையதற்குள் எழுதியவை அதனுடனேயே அழியும்!

பொறியாளர்களிடையே அன்று ஒரு பேச்சு வழங்கியது: கணிப்பொறிகளைப் பெயர் சூட்டி வளர்க்கும் செல்லப் பிராணிகளாக எண்ணாதீர்கள், எண்ணிட்ட மந்தை மாடுகளாக எண்ணுங்கள். (நம் ஊர்களில் மாட்டுக்கும் பெயர் வைப்பார்கள் என்பது வேறு விஷயம்.) வலைப்பக்கம் காட்டும் நிரலுக்கு இது பொருந்தும். கணக்குகளைக் காக்கும் தரவுத்தளத்துக்குப் பொருந்துமா? அதன் பிரதிகளில் எது முதன்மையானது, எந்த வட்டு எதற்குரியது என்பது தெரிந்தாக வேண்டுமே!

கணிப்பொறியின் சொந்த வட்டிலேயே எழுதலாமே என்பீர்கள். கொள்கலன் இடம் மாறினால் வட்டு பின்தங்கிவிடும். ஆகவே வட்டைத் தனியே பிரித்து, வலையமைப்பின் வழியே இணைத்தார்கள். நிரலுக்காக 'இத்தனை இடம் வேண்டும்' என்று ஒரு கோரிக்கை வைக்கப்படும். ஏற்ற வட்டைக் கூபர்நெட்டிஸ் பொருத்தித் தரும். தொடக்கத்தில் வட்டுகளை நிர்வாகி முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைக்க வேண்டியிருந்தது. கேட்டவுடன் வட்டு தானே உருவாகும் ஏற்பாடு 2017 மார்ச்சில் நிலைபெற்றது.

அதற்கு முன்பே, 2016 ஜூலையில், 'பெட்செட்' வந்தது. செல்லப் பிராணிகளின் தொகுதி என்று பொருள்! இதில் ஒவ்வொரு பிரதிக்கும் 0, 1, 2 என மாறாத எண்ணும் தனி வட்டும் உண்டு. எங்கே மறுபிறவி எடுத்தாலும் தன் பழைய வட்டையே அது பெறும். மந்தைத் தத்துவம் பேசிய உலகம் செல்லப் பிராணிக்கு இடம் கொடுத்தது வேடிக்கைதான். அவ்வாண்டு டிசம்பரில் பெயரை மட்டும் 'ஸ்டேட்ஃபுல்செட்' என்று மாற்றிக்கொண்டார்கள்.

ஓர் அபாயம் உண்டு. கேட்டவுடன் உருவான வட்டு, வேறு உத்தரவு இல்லாவிட்டால், கோரிக்கையை நீக்கியதும் தானும் அழிக்கப்படும். கொள்கலன் போனால் தப்பிவிடும் உங்கள் கணக்கு, யாரோ ஒருவர் கோரிக்கையை நீக்கினால் தப்பாது. 'வைத்திரு' என்று முன்னரே குறித்திருந்தால் வட்டு நிற்கும். அதை மறுபடி இணைப்பது மனிதர் கையால் செய்ய வேண்டிய வேலை.