வீரர் முகமும் வண்ணத்தின் பசையும்

திருநெல்வேலி டவுணில் ஒரு புதிய சிமெண்டுச் சுவர். அதில் காளையின் திமிலைத் தழுவி நிற்கும் மாடுபிடி வீரர் ஒருவரின் உருவத்தை நீங்கள் வரைவதாக வைத்துக்கொள்வோம். கண், மூக்கு, மீசை எல்லாம் அச்சாக அமைந்துவிட்டன. ஆனால் அந்த முகம் ஐப்பசி மழையைத் தாங்குமா? சித்திரை வெயிலைத் தாங்குமா? இது உங்கள் கைத்திறனைப் பொறுத்ததன்று. வண்ணத்தில் கலந்துள்ள பசையைப் பொறுத்தது.

எந்த வண்ணத்திலும் முக்கியமாக இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, நிறம் தரும் தூள். மற்றொன்று, அத்தூளைச் சுவருடன் பிணைக்கும் பசை. ஓவிய வண்ணங்களின் வரலாற்றில் பெரும்பகுதி, நல்ல பசையைத் தேடிய வரலாறே ஆகும்.

வீரர் உருவத்தை நிலைநிறுத்தும் ஆசை நம்மிடையே மிகப் பழையது. சேலம் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு நடுகல், காளையுடன் பொருதும் வீரனைக் காட்டுகிறது. கோவுரிச் சங்கன் என்பவன் கருவந்துறையில் எருது விளையாடி மாண்டான் என்று அதன் எழுத்துகள் கூறுகின்றன. கல்லில் செதுக்கிய உருவத்துக்குப் பசை தேவையில்லை. வண்ணத்தில் தீட்டிய உருவத்துக்கோ பசைதான் உயிர்.

இதை அறியத் தாமிரபரணிக் கரையிலேயே ஓர் இடம் இருக்கிறது. டவுணிலிருந்து மேற்கே சென்றால், கடனாநதி தாமிரபரணியில் கலக்குமிடத்தில் திருப்புடைமருதூரை அடையலாம். அங்குள்ள நறும்புநாதர் கோயில் கோபுரத்தின் உள்நிலைகளில் சுவர் நிறைய ஓவியங்கள் இருக்கின்றன. போர்க்களக் காட்சிகளும் குதிரை வீரர்களும் அவற்றுள் உண்டு. 1532ஆம் ஆண்டில் நடந்த தாமிரபரணிப் போரையே இவை குறிக்கின்றன என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். கப்பலில் அரபு வணிகர் குதிரைகளைக் கொண்டுவரும் காட்சியும் உண்டு. இவ்வாற்றின் முகத்துவாரத்தை அடுத்த காயல் துறைமுகத்தில் குதிரைகள் வந்திறங்கியதை, 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மார்க்கோ போலோ குறிப்பிட்டிருக்கிறார்.

இத்தகைய சுவரோவியங்களுக்கு அடித்தளம் சுண்ணாம்புச் சாந்து. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, மெல்ல மெல்லக் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. ஈரச் சாந்தின் மேல் தீட்டினால், நிறத்தூள் அந்தப் படிகங்களுக்குள் சிக்கிக்கொள்ளும். காய்ந்த சாந்தின் மேல் தீட்டுவதானால் கோந்து போன்ற பசை வேண்டும். கோந்து நீரில் கரையும். எனவே கோபுரத்தின் உள்ளே மழைபடாத சுவரில் நிற்கும் ஓவியம், வெளியே தெருச் சுவரில் நிற்காது.

தெருச் சுவரில் நிற்கும் வண்ணத்தை 20ஆம் நூற்றாண்டின் ஓவியர்கள் தேடினார்கள். மெக்சிகோ நாட்டின் சிக்கெய்ரோஸ் 1936இல் நியூயார்க்கில் ஒரு பட்டறை நடத்தி, மோட்டார் வண்டிகளுக்குப் பூசும் வண்ணங்களைக்கூடச் சோதித்துப் பார்த்தார். ஆனால் நீண்டகால விடைக்கு வித்து அதற்கு முன்பே ஊன்றப்பட்டிருந்தது. ஜெர்மானிய வேதியியலார் ஓட்டோ ரோம் 1901இல் அக்ரிலிக் சேர்மங்களைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர். நீரில் கலந்து பூசத்தக்க அக்ரிலிக் வண்ணங்கள் 1950களில் அமெரிக்க ஓவியர்களின் கைக்கு வந்தன. அங்கு ரோடியோ என்னும் முரட்டுக் குதிரை, காளைச் சவாரிப் போட்டிகளில் வென்றவர்களையும் பிற விளையாட்டு வீரர்களையும் இன்று பலர் இவ்வண்ணத்தில் தீட்டுகிறார்கள்.

இது வேலை செய்யும் விதம் எளியது. பாலில் கொழுப்புத் துளிகள் மிதப்பதுபோல, நீரில் நுண்ணிய பாலிமர் துகள்கள் மிதக்கின்றன. நீர் ஆவியானதும் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, வளையும் தன்மையுள்ள மெல்லிய ஏடாகின்றன. பின்னர் மழை பெய்தாலும் அந்த ஏடு கரைவதில்லை. எண்ணெய் வண்ணம் உலர நாள் கணக்கில் ஆகும். இதற்குச் சில நிமிடங்களே போதும். நிறத்தூளிலோ பழமை தொடர்கிறது. பண்டைய ஓவியர்களுக்குச் செந்நிறம் தந்த செங்காவியின் இரும்பு ஆக்சைடே, இன்றைய அக்ரிலிக் குழாய்கள் பலவற்றிலும் இருக்கிறது. மாறியது பசைதான்.

அப்படியானால் மங்கிவரும் பழைய ஓவியங்களுக்கும் அக்ரிலிக் பூசிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். கூடாது! சுண்ணாம்புச் சுவர் சுவாசிக்கும் சுவர். மழைக்காலத்தில் ஏறும் ஈரம், கோடையில் அதன் மேற்பரப்பு வழியே வெளியேறும். அக்ரிலிக் ஏடு அந்த வழியைப் பெரிதும் அடைத்துவிடுகிறது. உள்ளே தங்கும் ஈரத்திலுள்ள உப்புகள் ஏட்டின் பின்னே படிகமாகிச் சாந்தை உடைக்கின்றன. புதுப் பூச்சு உதிரும்போது பழைய ஓவியத்தையும் உடன் பெயர்த்துக்கொண்டு விழும். மேலும், இந்த ஏடு வெப்பத்தில் சற்று இளகுவதால் நம் ஊர்க் கோடையில் தூசியும் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே உங்கள் மாடுபிடி வீரரை நன்கு உலர்ந்த புதிய சிமெண்டுச் சுவரிலோ துணியிலோ பலகையிலோ அக்ரிலிக்கில் தாராளமாகத் தீட்டுங்கள். ஆனால் பழைய கோயில் ஓவியம் ஒன்றுக்குப் "புது மெருகு" கொடுக்க யாரேனும் தூரிகையுடன் புறப்பட்டால், முதலில் பாதுகாப்பு வல்லுநரைக் கேட்கச் சொல்லுங்கள். நானூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கும் குதிரை வீரன், ஒரு டப்பா வண்ணத்தால் வீழ்ந்துவிடக் கூடாது.