பயிற்சித் தளத்திலிருந்து எழுச்சி: அரச இந்தியக் கடற்படையின் ஆளணிக் கொள்கையும் 1946 பிப்ரவரிப் போராட்டமும்

ஆய்வுச் சுருக்கம்

1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தொடங்கிய அரச இந்தியக் கடற்படையினரின் எழுச்சி, விடுதலைப் போராட்ட வரலாற்றில் பெரும்பாலும் அரசியல் நிகழ்வாகவே பேசப்படுகிறது. அரசுத் தரப்போ அதனை உணவு, ஊதியம், நடத்துமுறை குறித்த பணிக்குறைகளின் விளைவாகக் கண்டது. இவ்விரு விளக்கங்களுக்கும் இடையில் போதிய கவனம் பெறாத ஆளெடுப்பு, பயிற்சி, படைவிடுவிப்பு ஆகியவற்றின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. எழுச்சி ஒரு போர்க்கப்பலில் தொடங்காமல் செய்தித்தொடர்புப் பயிற்சித் தளமொன்றில் தொடங்கியது தற்செயலன்று என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: அரச இந்தியக் கடற்படை, தல்வார், டஃப்ரின், கடற்படைப் பயிற்சி, ஆளெடுப்பு, படைவிடுவிப்பு, 1946 எழுச்சி.

முன்னுரை

ஒரு படையின் வரலாற்றை அது நிகழ்த்திய போர்களைக் கொண்டு எழுதுவது மரபு. யாரைச் சேர்த்தது, எதைக் கற்பித்தது, கற்றவர்களை எவ்வாறு நடத்தியது, எப்படி வெளியே அனுப்பியது என்னும் வினாக்கள் நிர்வாக வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. ஆயினும் காலனியப் படைகளைப் பொறுத்தவரை இவ்வினாக்களே மையமானவை. ஆட்சியாளர்கள் தம் பாதுகாப்புக்காகக் குடிமக்களுக்குத் திறன்களைக் கற்பிக்க வேண்டியிருந்தது. அத்திறன்கள் தரும் தன்மதிப்பை ஏற்க அவர்கள் ஆயத்தமாக இல்லை. இம்முரண் முற்றிய இடமாக 1946ஆம் ஆண்டின் அரச இந்தியக் கடற்படையைக் கொள்ளலாம்.

போருக்கு முந்தைய ஆளணி அமைப்பு

அரச இந்தியக் கடற்படை 1934 அக்டோபர் 2 அன்று பம்பாயில் முறைப்படி தோற்றம் பெற்றது. அதன் முன்னோடியான அரச இந்திய மரைன், படைவீரர்களை ஏற்றிச் செல்லுதல், கடலளவை ஆகிய துணைப்பணிகளையே நெடுங்காலம் செய்துவந்தது. 1925இல் ராலின்சன் குழு அதனைப் போரிடும் படையாக மாற்றப் பரிந்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக அதிகாரி நிலையில் இந்தியர்க்கு இடமளிக்கும் கொள்கை ஏற்கப்பட்டது. 1928இல் பணியேற்ற பொறியியல் அதிகாரி டி.என். முகர்ஜி, ஆணைபெற்ற முதல் இந்திய அதிகாரியாவார்.

இதே காலத்தில் வணிகக் கப்பல்துறைக்கு இந்திய அதிகாரிகளை உருவாக்கும் முயற்சியும் நடந்தது. மத்திய சட்டமன்றத்தில் சர் பி.எஸ். சிவசாமி ஐயர் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து இந்திய வணிகக் கப்பல்துறைக் குழு 1923இல் அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையின் விளைவாக 1927இல் பம்பாய்த் துறைமுகத்தில் டஃப்ரின் பயிற்சிக் கப்பல் நிறுவப்பட்டது. வணிகக் கப்பல்களுக்கென ஏற்பட்ட இப்பயிற்சி பிற்காலத்தில் கடற்படைக்கும் ஆள்தந்தது. செங்கல்பட்டில் பிறந்த ஆர்.டி. கட்டாரி டஃப்ரினின் முதல் அணியில் பயின்றவர். அவர் 1958இல் இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார்.

அதிகாரிகளின் நிலை இதுவாக, மாலுமிகளின் நிலை முற்றிலும் வேறாக இருந்தது. போருக்கு முன் மாலுமிகள் பெரும்பாலும் இரத்தினகிரிக் கடற்கரையின் கொங்கணி முஸ்லிம்களிடமிருந்தும், பின்னர்ப் பஞ்சாப் முஸ்லிம்களிடமிருந்தும் சேர்க்கப்பட்டனர். கப்பற்பணி குடும்ப வழக்கமாகத் தொடர்ந்த பகுதிகளிலிருந்து ஆளெடுத்ததால் மேலோர்–கீழோர் உறவு பழக்கத்தால் நிலைபெற்றிருந்தது. படையும் சிறியது, 1939இல் மாலுமிகளின் தொகை ஏறத்தாழ 1,700 மட்டுமே. இவ்வளவில் ஒரு தளபதி தம் மாலுமிகளைப் பெயர் சொல்லி அறிந்திருக்க இயலும்; குறைகள் வாய்மொழியாகவே தீர்க்கப்பட இயலும்.

போர்க்காலப் பெருக்கமும் புதிய மாலுமியும்

இரண்டாம் உலகப்போர் இவ்வமைப்பைக் குலைத்தது. ஆறாண்டுகளுக்குள் படையின் தொகை இருபதாயிரத்தைக் கடந்தது. எண்ணிக்கையைவிட முதன்மையான மாற்றம் பணியின் தன்மையில் நிகழ்ந்தது. கம்பியில்லாத் தந்தி, ரேடார், நீர்மூழ்கி எதிர்ப்புக் கருவிகள், நீர்மூழ்கிக்குண்டு, மின்பொறியியல் ஆகியவற்றைக் கையாள எழுத்தறிவும் ஆங்கில அறிவும் உடையோர் தேவைப்பட்டனர். எனவே ஆளெடுப்பு மரபான பகுதிகளைத் தாண்டி வங்காளம், சென்னை மாகாணம், திருவிதாங்கூர் முதலிய பகுதிகளுக்கு விரிந்தது. பள்ளிப் படிப்பை முடித்த அல்லது இடையில் விட்ட இளைஞர்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தனர்.

இவர்களுக்காகத் தொடர்ச்சியான பயிற்சித் தளங்கள் உருவாயின. கராச்சியில் பீரங்கிப் பயிற்சிக்கு இமாலயா, ரேடார் பயிற்சிக்குச் சமக், சிறுவர் பயிற்சிக்குப் பகதூர் ஆகிய தளங்கள் இயங்கின. ஜாம்நகரை அடுத்த ரோசித் தீவில் வல்சுரா 1942இல் நீர்மூழ்கிக்குண்டுப் பயிற்சிக்கென நிறுவப்பட்டது. லோனாவ்லாவில் இயந்திரப் பயிற்சிக்கெனச் சிவாஜி அமைந்தது. பம்பாயில் நீர்மூழ்கி எதிர்ப்புப் பயிற்சிக்கு மச்லிமார் இருந்தது. செய்தித்தொடர்புப் பயிற்சிக்குத் தல்வார் இருந்தது. கரையில் அமைந்த இத்தளங்களும் கப்பல்களைப் போன்றே பெயரும் ஒழுங்குமுறையும் பெற்றிருந்தன.

இத்தளங்களின் சமூக விளைவு தனித்து நோக்கத்தக்கது. பழைய அமைப்பில் ஒரு மாலுமி தன் ஊரார், தன் சமயத்தார் நடுவே பணிசெய்தான். புதிய பயிற்சி வகுப்பிலோ வங்காளி, தமிழர், பஞ்சாபி, மலையாளி, மராட்டியர் ஆகியோர் ஒரே பலகையில் அமர்ந்து ஒரே குறியீடுகளைக் கற்றனர். ஆங்கிலமும் இந்துஸ்தானியும் பொதுமொழிகளாயின. பயிற்சி முடித்தோர் வெவ்வேறு கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்கும் சென்றபோது, படை முழுவதும் பரவிய ஒரு நட்பு வலையும் உடன் சென்றது. இதனை ஆட்சியாளர்கள் திட்டமிடவில்லை. எனினும் பயிற்சிமுறையின் இயல்பான விளைவு இதுவே.

கற்பித்தலும் நடத்துமுறையும்

திறன் சார்ந்து ஆளெடுத்த நிர்வாகம் அத்திறனுக்குரிய மதிப்பை வழங்கியதா என்பது அடுத்த வினா. ஊதியத்திலும் உணவிலும் தங்குமிடத்திலும் பிரித்தானிய மாலுமிக்கும் இந்திய மாலுமிக்கும் வேறுபாடு நீடித்தது. ஒரே கருவியை ஒரே திறனுடன் இயக்கிய இருவரிடையே இவ்வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. ஆளெடுப்பின்போது தரப்பட்ட உறுதிமொழிகளுக்கும் பணியில் கண்ட நிலைக்கும் பெரிய இடைவெளி இருந்தது. விரைவாகச் சேர்க்கப்பட்ட அதிகாரிகள் பலர்க்கு இந்தியச் சூழலோ மாலுமிகளின் மொழியோ தெரியாது.

இந்நிலை 1946இல் திடீரெனத் தோன்றியதன்று. 1942 முதல் 1945 வரை இப்படையில் ஒன்பது சிறு கலகங்கள் நிகழ்ந்ததாகப் பின்னர் அமைந்த விசாரணை ஆணையம் பதிவுசெய்தது. அவற்றுள் முதலாவது 1942 மார்ச்சில் பம்பாய் இயந்திரப் பயிற்சி நிலையத்தில் நிகழ்ந்தது. இந்நிகழ்வுகள் தனித்தனி ஒழுங்குக் குற்றங்களாகவே கருதப்பட்டன. ஒவ்வொன்றும் அடக்கப்பட்டது, ஆனால் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்துக் காரணம் தேடும் முயற்சி நிகழவில்லை.

போர் முடிந்ததும் புதிய சிக்கல் எழுந்தது. போர்க்காலத்துக்கெனச் சேர்க்கப்பட்டோர் விடுவிக்கப்பட வேண்டியிருந்தது. விடுவிப்பு தாமதமாயிற்று, விடுவிக்கப்பட்ட பின் வேலை கிடைக்கும் என்னும் உறுதியும் இல்லை. நாட்டின் கடற்படைக்கு வெளியே கம்பியில்லாத் தந்தியாளருக்கும் ரேடார் இயக்குநருக்கும் இருந்த வேலைவாய்ப்பு மிகக் குறைவு. கற்ற திறன் பயனற்றுப்போகும் என்னும் அச்சம், காத்திருப்பின் சலிப்பு, இந்திய தேசியப் படையினர் மீதான வழக்குகள் நாடெங்கும் எழுப்பிய உணர்ச்சி ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் கூடின.

தல்வார் தளம்

தல்வாரில் இம்மூன்றும் மிகுந்த செறிவுடன் காணப்பட்டன. பயிற்சி பெறுவோருடன் விடுவிப்புக்குக் காத்திருந்தோரும் அங்கே தங்கியிருந்தனர். 1945 டிசம்பர் 1 அன்று கடற்படை நாளையொட்டித் தளத்தின் சுவர்களில் ஆட்சிக்கெதிரான முழக்கங்கள் எழுதப்பட்டன. 1946 பிப்ரவரித் தொடக்கத்தில், தலைமைத் தளபதியின் வருகையையொட்டி மீண்டும் அவ்வாறு நிகழ்ந்தபோது தந்தியாளர் பி.சி. தத் கைதுசெய்யப்பட்டார். தளத்தின் தளபதி கிங் மாலுமிகளை இழிசொற்களால் ஏசியதும், அது குறித்த முறையீடு உரிய கவனம் பெறாததும் நிலைமையை முற்றச் செய்தன.

பிப்ரவரி 18 அன்று ஏறத்தாழ 1,100 மாலுமிகள் உணவை மறுத்துப் பணியைப் புறக்கணித்தனர். மறுநாள் கடற்படை மைய வேலைநிறுத்தக் குழு அமைந்தது. செய்தியாளர் எம்.எஸ். கான் தலைவராகவும் தந்தியாளர் மதன் சிங் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இருவரின் பணிப்பிரிவும் நோக்கத்தக்கது. இருவரும் செய்தித்தொடர்புப் பயிற்சி பெற்றவர்கள். எழுச்சி சில நாள்களுக்குள் கராச்சி, கல்கத்தா, விசாகப்பட்டினம், சென்னை முதலிய துறைமுகங்களுக்குப் பரவியது. சென்னையில் அடையாறு கரைத்தளத்தின் மாலுமிகளும் பங்கேற்றனர். வானொலியும் நாளேடுகளும் இதற்கு உதவின. எனினும் கப்பல்களின் செய்திக் கருவிகள் போராடியோரின் கையிலேயே இருந்தமை அடிப்படையான காரணமாகும். ஆட்சிக்காகக் கற்ற திறன் ஆட்சிக்கெதிராகப் பயன்பட்டது.

குழுவின் கோரிக்கைகளில் இந்திய தேசியப் படைக் கைதிகளின் விடுதலை, இந்தோனேசியாவிலிருந்து இந்தியத் துருப்புகளைத் திரும்பப் பெறுதல் ஆகியன ஒருபுறமும், தரமான உணவு, பிரித்தானியர்க்கு இணையான ஊதியம், விரைவான படைவிடுவிப்பு, கிங் மீது நடவடிக்கை ஆகியன மறுபுறமும் இடம்பெற்றன. இவற்றை அரசியல் கோரிக்கை என்றும் பணிக்கோரிக்கை என்றும் பிரிப்பது பிற்கால ஆய்வாளரின் வசதிக்கேயன்றி, மாலுமிகளின் பட்டறிவுக்குப் பொருந்துவதன்று. தட்டில் விழுந்த உணவின் தரமும் நாட்டின் அடிமைநிலையும் அவர்களுக்கு ஒரே செய்தியின் இரு பகுதிகளாகவே தெரிந்தன. வல்லபாய் படேலின் அறிவுரைக்குப் பின் பிப்ரவரி 23 அன்று அவர்கள் பணிந்தனர்.

விசாரணையும் விளைவும்

பாட்னா உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் சையத் ஃபசல் அலி தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. நீதிபதிகள் கே.எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்காரும் மெஹர் சந்த் மகாஜனும், இரு பிரித்தானியப் படைத்துறை அதிகாரிகளும் அதில் இருந்தனர். தீர்க்கப்படாத பணிக்குறைகளால் எழுந்த பரவலான மனக்குறையே அடிப்படைக் காரணம் என்றும், அரசியல் சூழல் அதனை வளர்த்தது என்றும் ஆணையம் கருதியது. இம்முடிவு பணிக்குறைகளைப் பட்டியலிடுவதில் நேர்மையானது. ஆனால் அக்குறைகள் ஏன் பொறுக்க முடியாதனவாயின என்பதை அது முழுமையாக விளக்கவில்லை. தரமற்ற உணவு 1930களிலும் இருந்திருக்கலாம். அதனை உரிமை மறுப்பாகப் படிக்கும் மாலுமி அப்போது இல்லை. அவனை உருவாக்கியது போர்க்காலப் பயிற்சி வகுப்பு.

போராடியோரில் நூற்றுக்கணக்கானோர் படையிலிருந்து நீக்கப்பட்டனர். நாடு விடுதலை பெற்ற பின்னும் அவர்கள் மீண்டும் பணியில் சேர்க்கப்படவில்லை. கட்டொழுங்கைக் குலைத்தவர்களைத் திரும்ப ஏற்பது புதிய அரசின் படைகளுக்கும் தீங்காகும் என்னும் கருத்து மேலோங்கியது. பிற்காலத்தில் விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத்துக்குரிய இயக்கங்களுள் ஒன்றாக இவ்வெழுச்சி ஏற்கப்பட்டது. கடற்படையின் இழுவைக் கப்பல்கள் இரண்டுக்கு பி.சி. தத், மதன் சிங் ஆகியோரின் பெயர்கள் சூட்டப்பட்டன. மதிப்பு திரும்பியது, இழந்த பணிவாழ்வு திரும்பவில்லை.

1947இன் பிரிவினை பயிற்சி அமைப்பை மேலும் பாதித்தது. இமாலயா, பகதூர் உள்ளிட்ட கராச்சித் தளங்கள் பாகிஸ்தானுக்குச் சென்றன. இந்தியா பல பயிற்சிப் பள்ளிகளைப் புதிதாக அமைக்க நேர்ந்தது. கொச்சி முதன்மையான பயிற்சி மையமாக வளர்ந்தது. தலைமைப் பொறுப்பில் 1958 வரை பிரித்தானிய அதிகாரிகளே நீடித்தமைக்கு, உயர்பதவிக்குரிய அனுபவம் பெற இந்திய அதிகாரிகளுக்குப் போருக்கு முன் வாய்ப்பு மறுக்கப்பட்டிருந்தது முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும்.

முடிவுரை

அரச இந்தியக் கடற்படையின் ஆளணிக் கொள்கை, மாலுமியிடம் புதிய திறனைக் கோரியது; அவனுடைய தகுதிநிலையைப் பழைய இடத்திலேயே நிறுத்தியது. இவ்விரண்டும் நெடுநாள் ஒன்றாக இருக்க இயலவில்லை. குறைகளைத் தெரிவிப்பதற்கு நம்பகமான வழி இல்லாத நிலையில், கற்ற செய்தித்தொடர்பே அவ்வழியாயிற்று. எனவே 1946 எழுச்சியை அரசியல் தூண்டுதல் என்றோ உணவுக் கலகம் என்றோ சுருக்குவதைக் காட்டிலும், பயிற்சி உருவாக்கிய மனிதனுக்கும் நிர்வாகம் கருதிய மனிதனுக்கும் இடையிலான மோதலாக விளங்கிக்கொள்வது பொருத்தமுடையது. சென்னை மாகாணத்திலிருந்து சேர்ந்த மாலுமிகளின் ஆளெடுப்பும் பயிற்சியும் இந்நோக்கில் தனியே ஆராயப்படுமாயின், தமிழகக் கடல்சார் வரலாற்றின் அதிகம் எழுதப்படாத பகுதியொன்று துலங்கும்.