உடல்வழி ஆறுதல் முறைகள்

மனவியாகூலத்தையும் பேரதிர்ச்சியின் தழும்பையும் சொல்லால் மட்டும் ஆற்ற முனையாது, சரீரத்தில் உறைந்துபோன இறுக்கத்தை உணர்ந்து, அதனைச் சிறுகச் சிறுகத் தளர்த்தும் மென்மையான அப்பியாசங்கள் இப்பெயரால் குறிக்கப்பெறும். பிணம்போல் அசைவற்றுக் கிடக்கும் சவாசனம் களைப்பைப் போக்கிச் சித்தத்துக்கு ஓய்வளிக்கும் என்று சுவாத்மாராமர் 15ஆம் நூற்றாண்டிலேயே ஹடயோகப் பிரதீபிகையில் குறித்துள்ளார். எனினும், இம்முறைகளின் நவீன சரித்திரத்தைப் பெர்லின் நகரத்து ஆசிரியை எல்சா கிண்ட்லரிடமிருந்து (1885–1961) தொடங்குவதே பொருத்தமாகும்.

உடற்பயிற்சி கற்பித்துவந்த கிண்ட்லரை இளமையில் க்ஷயரோகம் பற்றியது. மலைநாட்டு ஆரோக்கிய நிலையத்துக்குச் செல்லப் பொருள்வசதியற்ற அவர், நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு தந்து மற்றொன்றால் சுவாசிக்கப் பழகித் தேறினார் என்று அவர்தம் மாணவர் வழிவந்த செய்தி கூறும். அதனை அப்படியே வைத்திய உண்மையாகக் கொள்ளல் அரிது. ஆயினும், உடலை ஏவுவதினும் அதனைக் கவனிப்பதே மேலென்னும் அவர் கொள்கைக்கு அவ்வனுபவமே வித்தாயிற்று எனலாம். அவருடைய வகுப்பில் ஆசிரியர் செய்துகாட்ட மாணவர் பின்பற்றும் வழக்கம் இல்லை. தரையில் படுத்தும், நாற்காலியினின்று எழுந்தும், எவ்விடத்தில் மூச்சு தன்னையறியாமல் நின்றுவிடுகிறது, பாதம் எவ்வாறு தரையில் பதிகிறது என்று ஒவ்வொருவரும் தாமே கண்டறிய வேண்டும். தொழில் புரியும் மக்களுக்கான பயிற்சியைப் பற்றி 1926இல் அவர் எழுதிய கட்டுரை சுவாசம், தளர்ச்சி, இறுக்கம் ஆகிய மூன்றையும் இவ்வப்பியாசத்தின் கருவிகளாக வகுத்துரைத்தது. நாஜி ஆட்சியில் வேட்டையாடப்பட்ட யூதர்களுக்கு அவர் துணைநின்ற துணிவும் இங்கே நினைவுகூரத்தக்கது. 1945இல், போர் முடியுந்தறுவாயில், அவருடைய பயிற்சிக்கூடமும் குறிப்பேடுகளும் எரிந்தழிந்தன. அவற்றோடு அழியாது அவருடைய கல்வி எஞ்சியமைக்குக் காரணம், மாணவர்கள் அதனை முன்னரே பல நாடுகளுக்குக் கொண்டுசென்றிருந்தமையே. அம்மாணவர்களுள் சார்லட் செல்வர் 1938இல் அமெரிக்காவில் குடியேறி, நெடுங்காலம் இதனைப் போதித்தார்.

இதற்கிடையே சிக்காகோவில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்னும் மருத்துவர் வேறொரு வழியில் இதே வாயிலை அடைந்தார். 1929இல் வெளியான அவருடைய நூல் விவரித்த முறையில், ஒரு தசையைச் சற்றே இறுக்கி, அவ்விறுக்கத்தின் உணர்வை நன்கறிந்தபின் விட்டுவிடுவர். இவ்வாறு தசைதோறும் பயில நெடுங்காலம் செல்லும். அந்தப் பொறுமையே அதன் சாரமென்று தோன்றுகிறது. பின்னர் ஜோசப் வோல்ப் முதலியோர் அதனைச் சில வாரங்களுக்குள் சுருக்கினர்.

ஆபத்தினின்று தப்பிய விலங்கு உடல் நடுங்கித் தெளிவதை உவமையாகக் கொண்டு, பயங்கர நினைவைச் சிறுசிறு அளவாகவே அணுகச் சொன்னவர் பீட்டர் லெவீன் (நூல் 1997). அவருடைய விளக்கம் இன்னும் விவாதத்துக்குரியதே. யோகத்துக்கோ இதனினும் உறுதியான சான்று உண்டு. பிற சிகிச்சைகளால் குணமடையாத 64 பெண்களைக் கொண்டு பெஸ்ஸல் வான் டெர் கோல்க் குழுவினர் செய்து 2014இல் வெளியிட்ட பரிசோதனையில், 10 வார மிதமான யோகப் பயிற்சியின் முடிவில் பயின்ற 31 பேருள் 16 பேர் அதிர்ச்சிக்குப் பிந்திய மனநோயின் இலக்கணத்தினின்று விடுபட்டனர். ஒப்பீட்டுக்காக உடல்நலப் போதனை மட்டும் பெற்ற 29 பேருள் அவ்வாறு விடுபட்டவர் 6 பேரே.