தனிப்பாடகன், ஆனால் தனியன் அல்லன்

இன்று ஓர் இசைத்தட்டின் வரலாற்றைச் சொல்லப் போகிறேன்.

கரீபியன் கடலில் உள்ள தீவு போர்ட்டோ ரீக்கோ. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளின் உழைப்பால் அங்கே கரும்புத் தோட்டங்கள் செழித்தன. 1873-இல்தான் அடிமைமுறை ஒழிந்தது. 1898-இல் தீவு ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறியது. தோட்ட வாழ்க்கையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: கரும்பு வெட்டு முடிந்ததும் அங்கே மாதக்கணக்கில் வேலை இராது. அந்த மாதங்களைச் ‘செத்த காலம்’ என்றே மக்கள் அழைத்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இலட்சக்கணக்கானோர் பிழைப்புத் தேடி நியூயார்க் பக்கம் போய்ச் சேர்ந்தனர்.

அந்நகரத்தின் நெருக்கமான தெருக்களில், கியூபா நாட்டுத் தாளமும் ஊதுகுழல்களின் முழக்கமும் கலந்து ஓர் இசை உருவாயிற்று. அதற்குச் சல்சா என்று பெயர். ஸ்பானிய மொழியில் குழம்பு என்று பொருள், பொருத்தமான பெயர்தான். இரண்டு கட்டைகளைத் தட்டி எழுப்பும் ஐந்து அடிகளே அதன் உயிர்நாடி. எத்தனை கருவிகள் முழங்கினாலும் அந்த ஐந்து அடிகளை விட்டு விலகக் கூடாது.

1970-களில் சல்சாப் பாடல்கள் பெரும்பாலும் தெருவையும் வறுமையையும் இனப் பெருமையையும் பேசின. இசைக்குழுவின் தலைவருக்கே முதல் மரியாதை; பாடகர் பலர் அவரிடம் சம்பளத்துக்குப் பாடியவர்களே. பிறகு 1980-களின் தொடக்கத்தில் டொமினிக்கன் நாட்டு மெரெங்கே இசை வந்து சல்சாவை ஓரங்கட்டத் தொடங்கியது. அப்போது நியூயார்க்கில் லூயி ராமிரெஸ் என்பவர், மெதுவான காதல் பாடல்களைச் சல்சாத் தாளத்தில் அமைத்துப் பார்த்தார். அந்த வழியைப் பெருவழியாக்கியவர் ஃபிராங்கி ரூயிஸ்.

இவர் 1958-இல் நியூஜெர்சி மாநிலத்தில் பேட்டர்சன் என்னும் ஆலை நகரில் பிறந்தவர். இளம் பருவத்தில் குடும்பத்தோடு தீவின் மேற்கிலுள்ள மயகுவேஸ் நகருக்குத் திரும்பினார். டாமி ஒலிவென்சியாவின் குழுவில் பாடிப் பெயர் பெற்றார். 1985-இல் தம் சொந்தப் பெயரில் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். ‘தனிப்பாடகன், ஆனால் தனியன் அல்லன்’ என்பதே அதன் தலைப்பு. அதில் ஒரு பாடலின் பெயர் ‘இப்போது என் முறை’. இதுவரை பின்னால் நின்ற பாடகன் முன்னே வந்துவிட்டான் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது!

அந்தத் தட்டில் பெரும்புகழ் பெற்றது ‘நீ அவனோடு’ என்ற பாடல். உருகுவே நாட்டுக் குழு ஒன்று மெதுவாகப் பாடிய பாட்டு அது. காதலி வேறொருவனோடு இருப்பதைக் கண்டு மனம் நொந்தவனின் புலம்பல். ரூயிஸ் அதையே ஆட்டத் தாளத்தில் பாடினார். கேட்பவர் அழுதுகொண்டே ஆடலாம். லோரி ஓட்டுநர் ஒருவரைப் பற்றிய பாட்டும் உண்டு. ‘மருந்து’ என்ற பாடலை இயற்றியவர் டீட்டே குரெட் அலோன்சோ. அஞ்சல் துறையில் வேலை பார்த்தபடியே நூற்றுக்கணக்கான பாடல்களை எழுதியவர் அவர்.

பழைய சல்சாவின் இரசிகர்கள் முகம் சுளித்தனர். ‘சோர்ந்துபோன சல்சா’ என்று கேலி செய்தனர். சமூகக் குரல் மங்கிவிட்டது என்ற அவர்களுடைய குறை பொய்யன்று. ஆனால் நாள் முழுதும் ஆலையில் நின்றவன் இரவிலும் வறுமையைப் பற்றித்தான் கேட்க வேண்டுமா? மக்கள் தட்டை வாங்கினர். அடுத்த ஆண்டே எட்டி சந்தியாகோ முதலியோர் அதே வழியில் வந்தனர்.

ரூயிஸுக்கோ குடியும் போதைப்பொருளும் எமனாயின. விமானப் பணியாளர் ஒருவரைத் தாக்கிய வழக்கில் சிறைக்கும் போனார். 1992-இல் வெளியே வந்தவர் ‘என் விடுதலை’ என்ற தட்டோடு மீண்டும் மேடையேறினார். ஆயினும் ஈரல் கெட்டுவிட்டிருந்தது. 1998-இல் அவர் பாடிப் பதிவு செய்த பாடலின் பெயர் ‘மீண்டும் பாடுகிறேன்’. அவ்வாண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள், நாற்பதாம் வயதில் காலமானார்.