கடலில் தேடிய விமானம், மணலில் கிடந்த விமானம்: 'லேடி பி குட்', 1943–1960

இரண்டாம் உலகப்போரில் தொலைந்த விமானங்கள் ஏராளம். அவற்றுள் 'லேடி பி குட்' என்ற பி-24டி லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும், திசையைக் கணிக்க வேண்டிய இளம் அதிகாரியின் அனுபவமின்மையையே காரணமாகச் சொல்லி முடிக்கிறார்கள். இந்த விளக்கம் போதாது. அன்றிரவு வானொலிவழி கணிக்கப்பட்ட திசைக்கோடு சரியானது. அந்தக் கோட்டின் எந்த முனையில் விமானம் இருந்தது என்பதில்தான் பிழை நேர்ந்தது. அதே பிழை தேடுதலிலும் கோப்புகளிலும் 16 ஆண்டுகள் தொடர்ந்தது.

1943 ஏப்ரல் 4 அன்று, லிபியாவில் பெங்காசிக்கு அருகிலிருந்த சலூக் தளத்திலிருந்து அமெரிக்காவின் 376ஆம் குண்டுவீச்சுப் பிரிவைச் சேர்ந்த 25 விமானங்கள் இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்க இரண்டு அணிகளாகப் புறப்பட்டன. கடைசியாகக் கிளம்பியவற்றுள் ஒன்று 'லேடி பி குட்'. அதிலிருந்த ஒன்பது பேருக்கும் அதுவே முதல் போர்ப்பயணம். மணற்புயலில் சிக்கி இரண்டாம் அணியின் பெரும்பாலான விமானங்கள் பாதியிலேயே திரும்பிவிட்டன. தொடர்ந்து சென்றவற்றுக்கு நேப்பிள்ஸ் கண்ணுக்குப் புலப்படவில்லை. இலக்கை அடைய முடியாத 'லேடி பி குட்' குண்டுகளை மத்தியதரைக் கடலில் கொட்டிவிட்டு, இருளில் தனியாகத் திரும்பியது.

நள்ளிரவு 12 மணி 12 நிமிடத்துக்கு விமானி வில்லியம் ஹாட்டன் வானொலியில் பேசினார். தம் விமானத்தின் திசைகாட்டும் கருவி வேலை செய்யவில்லை என்று சொல்லி, தளம் எத்திசையில் இருக்கிறது என்று கேட்டார். பெங்காசிக்கு அருகே பெனினாவில் இருந்த திசைகாண் வானொலி நிலையம் சொன்ன விடை: 330 பாகை. அந்நிலையத்தில் இருந்தது ஒற்றை வளைய ஆண்டெனா. குரல் எந்தக் கோட்டின் மீதிருந்து வருகிறது என்பதை அது காட்டும்; முன்னிருந்து வருகிறதா, பின்னிருந்து வருகிறதா என்பதைக் காட்டாது. 330 பாகை என்றால் வடமேற்கு, அதாவது கடற்பக்கம். அதன் நேர் எதிர்முனை 150 பாகை, தென்கிழக்கு, பாலைவனம். நேப்பிள்ஸிலிருந்து வரும் விமானம் வடமேற்கில்தான் இருக்கும் என்று நிலையத்தில் இருந்தவர் கொண்டது இயல்பே. ஆனால் விமானம் அதற்குள் கரையைக் கடந்து, தளத்தையும் தாண்டிவிட்டிருந்தது. மேலே இரைச்சல் கேட்டுத் தளத்திலிருந்து ஒளிக்குண்டுகளைச் சுட்டார்கள். விமானத்தில் இருந்தவர்கள் அவற்றைக் காணவில்லை. இன்னும் கடல் மீதே பறக்கிறோம் என்ற நம்பிக்கையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள்.

எரிபொருள் தீரும் தறுவாயில், அதிகாலை 2 மணி அளவில், பாராசூட்டில் குதித்தனர். ஆளில்லாத விமானம் மேலும் 26 கிலோமீட்டர் பறந்து, கலன்ஷியோ மணற்பரப்பில் வயிறு தரையில் உரச இறங்கி நின்றது. சலூக்கிலிருந்து அவ்விடம் சுமார் 710 கிலோமீட்டர். வரைபடத்தில் பெனினாவிலிருந்து அந்த இடத்துக்கு ஒரு கோடு இழுத்தால், அது ஏறக்குறைய 150 பாகையில் விழுகிறது. திசைக்கணிப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

தேடுதல் கடலில் நடந்தது. எதுவும் கிடைக்காததால், விமானம் மத்தியதரைக் கடலில் மூழ்கியதாகவே கொள்ளப்பட்டது. 1958இல் எண்ணெய் வளம் தேடிய பிரிட்டிஷ் குழு ஒன்று வானிலிருந்து அதன் உடலைக் கண்டு தகவல் தந்தபோதும், அப்பகுதியில் எந்த விமானமும் தொலைந்ததாகப் பதிவு இல்லை என்பதால் உடனடி நடவடிக்கை இல்லை. கண்ணெதிரே கிடந்த இரும்பைவிடக் கோப்பின் சொல்லே மேலோங்கியது. 1959இல் நில அளவையாளர்கள் நேரில் சென்றபின்தான் உண்மை வெளிப்பட்டது. விமானம் இரண்டாகப் பிளந்திருந்தது. ஆனாலும் வானொலி இயங்கியது, உணவும் குடிநீரும் அப்படியே இருந்தன. பாராசூட் ஒன்றுகூட இல்லை. தொடர்ந்து நடந்த அமெரிக்க இராணுவத் தேடலில் வடக்கு நோக்கிய தடயங்கள் தென்பட்டன: கல்லை வைத்து அழுத்திய பாராசூட் துண்டுகள், கழற்றிப் போட்ட மிதவைச் சட்டைகள், அம்புபோல் அடுக்கிய காலணிகள். மிதவைச் சட்டை அணிந்தே குதித்திருந்தார்கள் என்பதிலிருந்து, கீழே கடல் இருக்கும் என்று எந்த அளவுக்கு நம்பியிருந்தார்கள் என்பது விளங்குகிறது.

1960 பிப்ரவரி 11 அன்று ஐந்து உடல்கள் கிடைத்தன: ஹாட்டன், துணை விமானி ராபர்ட் டோனர், திசை கணித்த ஹேய்ஸ், வானொலி இயக்குநர் லாமோட், துப்பாக்கி வீரர் ஆடம்ஸ். டோனரின் சட்டைப் பையில் இருந்த நாட்குறிப்பே இவ்வரலாற்றின் தலையாய ஆவணம். ஒவ்வொரு நாளுக்கும் சில சொற்கள்தான். குதித்தபின் எட்டுப் பேர் ஒன்றுகூடினர். குண்டெறியும் அதிகாரி ஜான் வொராவ்காவை மட்டும் காணவில்லை. எட்டுப் பேருக்கும் சேர்த்து இருந்தது அரைப் புட்டித் தண்ணீர். நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு மூடி. ஏப்ரல் 9இல் ஐவரால் மேலே நடக்க முடியவில்லை. மற்ற மூவரான ஷெல்லி, மூர், ரிப்ஸ்லிங்கர் உதவி தேடி முன்னே சென்றனர். கடைசிக் குறிப்பு ஏப்ரல் 12: உதவி வரவில்லை, இரவு கடுங்குளிர். சுமார் 130 கிலோமீட்டர் நடந்திருந்தார்கள். அந்த நீரில் அத்தனை தூரம் எவரும் நடந்திருக்க முடியாது என்ற கணிப்பு இருந்ததாலேயே முந்தைய தேடல் அதற்குக் குறைவான தூரத்திலேயே நின்றுபோயிருந்தது. ரிப்ஸ்லிங்கரும் ஷெல்லியும் ஐவர் கிடந்த இடத்துக்கு அப்பாலும் 30 கிலோமீட்டருக்கு மேல் சென்று விழுந்திருந்தது 1960 மே மாதம் தெரியவந்தது.

அவர்கள் நடந்தது வடமேற்கு நோக்கி. தளத்தை நோக்கித்தான் சென்றார்கள். கடல் அருகிலிருப்பதாக எண்ணினார்கள். தண்ணீரும் வானொலியும் இருந்த விமானமோ முதுகுப்புறம், குதித்த இடத்திலிருந்து 26 கிலோமீட்டரில் கிடந்தது. அது முழுதாகத் தரையிறங்கியிருக்கும் என்று எண்ண அவர்களுக்கு எந்த முகாந்திரமும் இல்லை.

1960 ஆகஸ்டில் வொராவ்கா கிடைத்தார். அவருடைய பாராசூட் சரியாக விரியவில்லை. மற்ற எட்டுப் பேரின் தாகமும் நடையும் அவருக்கு நேரவில்லை. விமானத்தின் சிதைவுகள் 1994இல் லிபியாவின் தோப்ருக்குக்கு எடுத்துச்செல்லப்பட்டன. வெர்னன் மூரின் உடல் மட்டும் இதுவரை அதிகாரபூர்வமாக மீட்கப்படவில்லை.