சுருட்டை முடிக் கணக்கு

காட்டுவாசி, பரட்டை, குருவிக்கூடு, ஆப்பிரிக்கா, இப்போது புதிதாக மேகி. சுருட்டை முடியோடு பிறந்த தமிழ்க் குழந்தை பத்து வயதுக்குள் கேட்டுவிடும் பட்டப்பெயர்கள். என் மகளுக்கு ஐந்தும் கிடைத்தாகிவிட்டது. முதல் நான்கும் கும்பகோணத்துச் சொந்தபந்தங்களின் உபயம். ஐந்தாவது, மாற்றலாகி இங்கே திருவனந்தபுரம் வந்தபிறகு வகுப்புத் தோழிகள் வைத்தது. பிளஸ் டூ முடித்ததும் பார்லரில் முடியை நேராக்கிக்கொள்ள வேண்டும் என்று இப்போதிருந்தே உண்டியலில் சேர்க்கிறாள். சேமிப்புப் பழக்கத்தை வங்கிக்காரன் குறை சொல்ல முடியுமா? ஆனால் எதற்காகச் சேமிக்கிறாள் என்பதுதான் உறுத்துகிறது.

முடி சுருண்டிருந்தால் காட்டுவாசி என்று யார் முடிவு செய்தார்கள்? கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமைகளில் இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். பி.காம். படித்தவனுக்கு மானிடவியலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். வரவு செலவு எங்கே இடிக்கிறது என்று தேடுவதுதானே எங்கள் பிழைப்பு.

நம்மையும் ஆப்பிரிக்கர்களையும் முடியை வைத்துப் பிரித்துப் பார்ப்பது ரொம்பப் பழைய வழக்கம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் பாரசீகப் படையைப் பற்றி எழுதும்போது, கிழக்குப் பக்கத்து எத்தியோப்பியருக்கு நேரான முடி, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களுக்கு மனிதர்களிலேயே அதிகம் சுருண்ட முடி என்று குறிக்கிறார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஆரியன் (ஆளின் பெயரே அதுதான், நம் ஊர் ஆரிய திராவிடச் சண்டை அல்ல) தென்னிந்தியர்கள் எத்தியோப்பியர் போலக் கறுப்பு, ஆனால் முடி அவ்வளவு சுருள் இல்லை என்கிறார். இரண்டு பேரும் மேலே கீழே என்று வரிசை வைக்கவில்லை. பார்த்ததைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

வரிசை வைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா. உலக மக்களின் முடியை நேர்முடி, அலைமுடி, கம்பளிமுடி என்று மூன்றாகப் பிரித்து, கம்பளிமுடிக்காரர்களை அடிமட்டத்தில் வைத்தார்கள். கம்பளி என்றால் ஆட்டு ரோமம். மனிதர் தலைமுடிக்கு ஆட்டு ரோமத்தின் பெயரை வைத்தபோதே தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

அந்த அளவுகோல் நம் பக்கம் வந்தது சென்னை மியூசியம் வழியாக. அங்கே 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கருவிகளோடு ஊர் ஊராகப் போய் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். அவருடைய ஏழு தொகுதிகள் 1909ல் வெளிவந்தன. 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்று தமிழிலும் இருக்கிறது. அவரோடு எனக்கு ஆயிரம் மனத்தாங்கல் உண்டு, ஆனால் ஒரு இடத்தில் மனிதர் நேர்மையாக இருந்திருக்கிறார். தென்னிந்தியாவில் கம்பளிமுடி உள்ள ஒரே ஒருவரைத்தான் தாம் பார்த்ததாகவும், அவரும் தமிழ், ஆப்பிரிக்கக் கலப்பில் பிறந்தவர் என்றும் எழுதிவைத்திருக்கிறார். கோப்பை அத்தோடு மூடியிருக்கலாம்.

மூடவில்லை. ஆனைமலையிலும் பரம்பிக்குளம் காடுகளிலும் வாழும் காடர்கள் இருக்கிறார்களே (காடர் என்றாலே காட்டில் வாழ்பவர் என்றுதான் அர்த்தம், நம் வீட்டு 'காட்டுவாசி'யின் அசல் பிரதி), அவர்களில் சிலருக்கு முடி நன்றாகச் சுருண்டிருப்பதைப் பார்த்து, இந்தியாவின் ஆதிக்குடி ஒரு 'நீக்ரிட்டோ' இனம் என்று 1928, 29 வாக்கில் 'நேச்சர்' இதழில் எழுதினார் பி.எஸ். குஹா. இவர் வெள்ளைக்காரர் அல்ல, வங்காளி. 1931 சென்சஸுக்காக இந்தியர்களை ஆறு இனமாகப் பிரித்தபோதும் முதல் இனம் நீக்ரிட்டோ, அதற்கு முக்கியமான சாட்சி காடர்களின் தலைமுடி.

நான் வங்கித் தேர்வுக்குப் படித்த பொது அறிவுப் புத்தகத்தில் இந்த ஆறும் வரிசையாக இருந்தது. மனப்பாடம் செய்தேன். உங்களில் பலரும் செய்திருப்பீர்கள். அது சுருள் முடி ஆதாரம் என்றோ, எஸ்.எஸ். சர்க்கார் போன்ற மானிடவியலாளர்கள் பிற்பாடு அதை ஏற்கவில்லை என்றோ அந்தப் புத்தகம் சொல்லவில்லை. காடர்களின் முடி சுருட்டைதான், கம்பளி அல்ல என்பது சர்க்கார் கட்சி. கவனியுங்கள், மறுத்தவரும் அதே தராசில்தான் நிறுத்தார். 'கம்பளியாகவே இருந்தால்தான் என்ன குறைச்சல்?' என்று யாரும் கேட்கவில்லை.

திருவனந்தபுரத்துக்கும் இந்தக் கணக்கில் ஒரு பக்கம் உண்டு. எல்.ஏ. கிருஷ்ண ஐயர் எழுதிய 'திருவிதாங்கூர் பழங்குடிகளும் சாதிகளும்' இங்கேதான் 1937 முதல் 1941 வரை மூன்று தொகுதிகளாக அரசு அச்சகத்தில் அச்சானது. பாளையத்தில் இருக்கும் மாநில மத்திய நூலகம் 1829லேயே தொடங்கியது. இந்த மாதிரி பழைய புத்தகங்களோடு உட்கார அதைவிட நல்ல இடம் ஊரில் கிடையாது. காணிக்காரர், மலைப்பண்டாரம், முதுவர் என்று மலைமக்கள் எல்லாரையும் நடந்து போய்ப் பார்த்து எழுதிய உழைப்பு சாதாரணமானது இல்லை. ஆனாலும் அந்தக் காலத்துப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு எங்கள் கே.ஒய்.சி. படிவம்தான் ஞாபகம் வரும். ஆளைச் சுவரோரம் நிறுத்தி நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். கீழே பெயர் கிடையாது, இனத்தின் பெயர்தான்.

'யாரோ எழுதியது, நமக்கென்ன' என்று விட்டுவிடலாம்தான். ஆனால் முடி சாட்சியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு நாட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் 1950ல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் வந்தது. ஒருவர் எந்த இனம் என்று சந்தேகம் வந்தால் அதிகாரி தலைமுடியில் ஒரு பென்சிலைச் செருகிப் பார்ப்பார். விழுந்தால் ஒரு இனம், நின்றால் வேறு. வெள்ளைக்காரத் தம்பதிக்குப் பிறந்த சாண்ட்ரா லைங் என்ற பத்து வயதுப் பெண்ணை, நிறமும் முடியும் 'சரியில்லை' என்று 1966ல் பள்ளியைவிட்டு அனுப்பினார்கள். நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப்போன நம் ஆட்களின் வம்சமும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் வாழ்ந்தது. 1991ல்தான் ரத்தானது.

அமெரிக்காவில் பென்சில் இல்லை, ஆபீஸ் விதிமுறை இருந்தது. தலையோடு ஒட்டிப் பின்னிய பின்னலோடு வேலைக்கு வரக்கூடாது என்று ஒரு விமான நிறுவனம் தடுத்ததை எதிர்த்து ஒரு கறுப்பினப் பெண் வழக்குப் போட்டார். 1981ல் தோற்றார். பின்னல் பின்னியதற்காக வேலையிலோ பள்ளியிலோ பாகுபாடு கூடாது என்று சட்டம் வர 2019 ஆனது, அதுவும் முதலில் கலிபோர்னியாவில் மட்டும்.

நம் ஊரில் சட்டம் தேவைப்படவில்லை, சினிமாவே போதும். 1977ல் '16 வயதினிலே' வந்தபோது வில்லனுக்கு வைத்த பெயரே பரட்டை. அதே காலத்தில் புட்டபர்த்தி சாயிபாபா படம் எத்தனை வீட்டுப் பூஜை அறையில் இருந்தது? தலையைச் சுற்றிக் கருமேகம் மாதிரி முடி. அதை யாரும் குருவிக்கூடு என்று சொல்லிக் கேட்டதில்லை, சொல்லவும் விடமாட்டார்கள். இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போகக்கூடிய சிதறால் மலையில் தீர்த்தங்கரர் சிலைகள் இருக்கின்றன. தீர்த்தங்கரருக்கும் புத்தருக்கும் தலையில் சுருள் சுருளாகச் செதுக்குவது சிற்பிகளின் மரபு. ஆக, பிரச்னை சுருளில் இல்லை. அது யார் தலையில் இருக்கிறது என்பதில்தான்.

நம் தொழில் சம்பந்தமாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சுங்கப் பட்டியலில் 0501 என்றால் பதப்படுத்தாத மனித முடி, 6703 என்றால் பதப்படுத்தியது. திருப்பதியிலும் பழனியிலும் மொட்டை போட்ட முடி ஏலத்துக்குப் போய், சிக்கெடுத்து, தரம் பிரித்து, சவுரியாகவும் விக்காகவும் கடல் கடக்கிறது. அதை வாங்குபவர்களில் பெரும் பகுதி கறுப்பினப் பெண்கள். அவர்கள் முடி ஆபீஸுக்கு ஆகாது என்று சொன்னதும் இந்த வியாபாரம் வளர ஒரு காரணம். இங்கே நம் பெண்கள் அதே காரணத்துக்காக ரசாயனம் போட்டு முடியை நேராக்கிக்கொள்கிறார்கள். ஒரு பயத்துக்கு இரண்டு கவுண்டரில் வசூல்!

சரி, இந்தப் பார்வையை எப்படித்தான் மாற்றுவது? 'எல்லா முடியும் அழகுதான் கண்ணு' என்று குழந்தையிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. அப்பா ஆறுதல் சொல்கிறார் என்று தெரிந்துகொள்கிறாள், அவ்வளவுதான். விவரம் சொன்னபோதுதான் காது கொடுத்தாள். டினா லாசிசி என்ற மானிடவியலாளரும் அவருடைய குழுவும் 2023ல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன். சூடேற்றிய பொம்மைத் தலையில் நேர்முடி, ஓரளவு சுருண்ட முடி, இறுகச் சுருண்ட முடி என்று விக்குகளை மாட்டி, சூரியனுக்குப் பதில் விளக்கு வைத்து அளந்தார்கள். வெயில் தலைக்குள் இறங்காமல் அதிகம் தடுத்தது இறுகச் சுருண்ட முடிதான். முடியை வகை பிரித்துப் பெயர் வைக்காமல், எவ்வளவு வளைகிறது என்று எண்ணாக அளக்க வேண்டும் என்பதும் லாசிசியின் வாதம். கணக்குப் பிள்ளைக்கு இது உடனே புரிந்துவிட்டது. மே மாதம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களுக்கும் புரியும்.

இன்னொன்று, பராமரிப்பு. சுருட்டை முடியைக் காய்ந்தபிறகு நெருக்குப்பல் சீப்பால் உச்சியிலிருந்து வறட்டு வறட்டென்று இழுத்துவிட்டு 'அடங்கவே மாட்டேங்குது' என்று திட்டுகிறோம். ஈரத்திலேயே, அகலப்பல் சீப்பால், நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து வந்தால் அதுபாட்டுக்கு இருக்கும். கறுப்பினத் தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது இது. 2013ல் கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்தில் ஆப்பிரிக்கச் சீப்புகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தார்கள், ஆறாயிரம் வருஷத்துச் சரித்திரம். பழைய எகிப்துச் சீப்பிலிருந்து, 1970களில் கறுப்பின இளைஞர்கள் தலையில் செருகிக்கொண்ட, கைப்பிடியில் முஷ்டி மடக்கிய சீப்பு வரைக்கும்.

சீப்பு என்றதும் காடர்களிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. தர்ஸ்டனின் அதே தொகுதிகளில், காடர் பகுதியில், ஒரு வழக்கம் பதிவாகியிருக்கிறது. காடர் பெண்கள் கொண்டையில் மூங்கில் சீப்பு செருகிக்கொள்வார்கள். அதில் கோடும் கட்டமும் முக்கோணமுமாக நுணுக்கமான வேலைப்பாடு. கடையில் வாங்குவதில்லை. கட்டிக்கொள்ளப்போகிற மாப்பிள்ளை தன் கையாலேயே மூங்கிலைச் சீவி, பல் வெட்டி, கீறி, பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும். மலாயாக் காட்டு மக்களின் சீப்போடு ஒப்பிட்டு, எந்த இனம் எங்கிருந்து வந்தது என்று ஆராயத்தான் தர்ஸ்டனுக்கு அது பயன்பட்டது. எனக்கு அது வேறு மாதிரி படுகிறது. அந்த முடியை வைத்து அவர்கள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று வெளியாட்கள் முதுகொடிய அளந்துகொண்டிருந்த நாட்களில், உள்ளே ஒருவன் அதே முடிக்குச் சீப்பு செதுக்கிக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கே அதுதான் சீர்.

வீட்டில் இதை ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "நம்ம கல்யாணத்துக்கு நீங்க உங்க கையால என்ன செஞ்சு குடுத்தீங்க?"