மருத்துவச்சி முதல் நர்சம்மா வரை: நம் வீட்டு வாசலின் வரலாறு

கெலமங்கலம் பகுதியில் பிள்ளைப்பேறு பார்த்த பெண்ணுக்கு மூன்று பெயர்கள் உண்டு. தமிழில் மருத்துவச்சி. தெலுங்கில் மந்த்ரசானி. கன்னடத்தில் சூலகித்தி. கர்நாடக எல்லையை ஒட்டிய இந்த மண்ணில் தெலுங்கு பேசும் அருந்ததியரும், கன்னடம் பேசும் ஆதி கர்நாடகரும், தமிழ் பேசும் பறையரும் பக்கத்துப் பக்கத்துக் காலனிகளில் வாழ்கிறோம். மொழி எதுவானாலும் அந்தப் பெண் செய்த வேலை ஒன்றுதான். அவளை நடத்திய முறையும் ஒன்றுதான்.

இன்று அவள் இல்லை. அவளுடைய இடத்தில் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். நம் வீடுகளில் அவரை 'நர்சம்மா' என்போம். மருத்துவச்சி போய் நர்சம்மா வந்த கதையைப் பொதுச் சுகாதாரத்தின் வெற்றிக் கதையாக மட்டுமே பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அதில் சாதி எங்கே இருந்தது, எங்கே இன்னும் இருக்கிறது என்று கேட்பதற்காகவே இந்தக் கட்டுரை.

எல்லா வீட்டுக்குள்ளும் போனவள்

பிரசவத்தைத் தீட்டு என்றது சாதிச் சமூகம். தொப்புள்கொடியை அறுப்பது, நஞ்சுக்கொடியைப் புதைப்பது, ரத்தத் துணியைத் துவைப்பது எல்லாமே தீட்டான வேலைகள். அதனால் அவற்றைத் தாழ்த்தி வைத்த சாதிகளின் பெண்கள் தலையில் கட்டியது. சில ஊர்களில் நாவிதர் குடும்பத்துப் பெண்கள், பல ஊர்களில் பறையர், அருந்ததியர் பெண்கள். மற்ற நாட்களில் வாசற்படி ஏறக்கூடாத பெண்ணை வலி கண்ட இரவில் உள்ளறை வரை கூப்பிட்டார்கள். ஊர்க்காரர்களின் குழந்தையை இந்த உலகத்தில் முதலில் தொட்ட கை நம்முடையது. தீட்டுக் கழித்த பிறகு அந்தக் கை மறுபடியும் தெருக்கோடிக்குப் போக வேண்டும். கூலியாகக் கொஞ்சம் தானியம், ஒரு பழைய புடவை.

எத்தனை பெரிய அறிவு அது! குழந்தை குறுக்கே கிடக்கிறதா, தலை இறங்கிவிட்டதா என்று வயிற்றைத் தடவியே சொன்னவர்கள். கர்நாடகத்தில் பாவகடா பகுதியைச் சேர்ந்த சூலகித்தி நரசம்மா 15,000க்கும் மேற்பட்ட பிரசவங்களைக் காசு வாங்காமல் பார்த்தவர். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் இறந்தார். அவரைப் போன்ற ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஊர்ப் பதிவேட்டில்கூடப் பெயர் இல்லை. அவர்களுடைய அறிவைத் திறமை என்று சாதி ஒப்புக்கொள்ளவில்லை. பிறப்பால் வந்த கடமை என்று சொல்லிவிட்டது.

பழி யார் மேல்?

வெள்ளைக்கார அரசு இந்தப் பெண்களை எப்படிப் பார்த்தது? 1885இல் டஃபரின் சீமாட்டியின் பெயரால் ஒரு நிதி தொடங்கப்பட்டது. இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்களைக் கொண்டு சேர்ப்பது அதன் நோக்கம். 1903இல் விக்டோரியா நினைவு நிதி வந்தது. ஊர் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுப்பதாகச் சொன்னது. 1926இல் சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்து பதிவு முறையை உருவாக்கியது. 1927இல் அமெரிக்க எழுத்தாளர் கேத்தரின் மேயோ 'மதர் இந்தியா' என்ற நூலில் தாய் சேய் மரணத்துக்கான பழியைத் தாழ்த்தப்பட்ட சாதி மருத்துவச்சியின் அழுக்குக் கையின் மீது போட்டார். மேயோவைக் கடுமையாகத் திட்டிய தேசியவாதிகளும் மருத்துவச்சியைக் குறித்த அந்தச் சித்திரத்தைப் பெரிதாக மறுக்கவில்லை.

நாம் மருத்துவச்சியைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. சுத்தமில்லாத கத்தியால் ரணஜன்னி வந்து குழந்தைகள் இறந்தார்கள். பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் கண்டு தாய்மார்கள் இறந்தார்கள். இது உண்மை. ஆனால் அவளுக்குச் சுத்தமான தண்ணீரை மறுத்தது யார்? பொதுக் கிணற்றில் அவளை இறங்க விடாதது யார்? எழுத்துப் படிக்க விடாதது யார்? இவற்றைக் கேட்காமல் அவளுடைய கையை மட்டும் குற்றவாளியாக்கிய விசாரணை அது.

நம் தலைவர்கள் இந்தக் களத்தில் இல்லாமல் இல்லை. பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவர். 1907இல் அவர் தொடங்கிய இதழைப் படிப்பவர்கள், மருத்துவ அறிவு நம் மக்களிடம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதைப் பார்க்கலாம். பாபாசாகேப் அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றும், அதன் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்றும் வாதிட்டார். தாய் சேய் நலம் தர்மம் அல்ல, உரிமை என்ற நம் அரசியலுக்கு அங்கே ஒரு வேர் இருக்கிறது.

நர்சம்மா வருகிறார்

1973இல் கர்தார் சிங் குழு அளித்த அறிக்கைக்குப் பிறகு, பல நோய்களுக்குத் தனித்தனிப் பணியாளர் என்ற முறை மாறி, ஒரே பணியாளர் எல்லாவற்றையும் பார்க்கும் பல்நோக்கு முறை வந்தது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அளவுகோல். கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போக வேண்டும் என்பது அவருடைய பணியின் மையம்.

1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. உள்ளூர்ப் பெண்களையே பணியாளராக எடுத்து, 6 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் சத்துணவு. இது நல்ல முறை என்று உலகமே பேசியது.

ஆனால் அந்தக் காலத்துத் தாய்மார்களிடம் கேட்டால் நர்சம்மா வருகையின் இன்னொரு முகமும் தெரியும். "எத்தனை குழந்தை? ஆபரேஷன் எப்போது?" என்பதுதான் பலருக்கு நினைவில் இருக்கும் முதல் கேள்வி. 1996 வரை குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இலக்கு வைத்துத்தான் பணியாளர்களை ஓட்டினார்கள். 1990களில் தமிழ்நாட்டில் ஆய்வு செய்த மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், பிரசவம் முடிந்த ஏழைப் பெண்களுக்கு அவர்களுடைய முழுச் சம்மதம் இல்லாமலே கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டதைப் பதிவு செய்தார். ஆஸ்பத்திரிக்குப் போகவே பெண்கள் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 2001இல் தொட்டில் குழந்தைத் திட்டம் அன்றைய தருமபுரி மாவட்டத்துக்கும் வந்தது. பெண் குழந்தைகளைக் காப்பாற்ற வந்த திட்டம் என்றாலும், கர்ப்பிணிகளைக் கண்காணிப்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. உதவிக்கு வருகிறவரா, உளவு பார்க்க வருகிறவரா என்ற சந்தேகம் ஏழை வீட்டு வாசலில் நின்றது.

அவர் நின்றுவிடும் இடம்

இப்போது சாதிக்கு வருவோம். ஷா, மந்தர், தோரட், தேஷ்பாண்டே, பாவிஸ்கர் ஆகியோர் எழுதி 2006இல் வெளிவந்த கிராமப்புறத் தீண்டாமை பற்றிய ஆய்வு, 11 மாநிலங்களில் 565 கிராமங்களைப் பார்த்தது. அவற்றில் 33 சதவீதக் கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போவதில்லை என்று அது சொன்னது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் 200 தலித் குழந்தைகளை வைத்துச் சங்கமித்ரா ஆச்சார்யா செய்த ஆய்வு, மருந்தைத் தொடாமல் கொடுப்பது, வீட்டுக்குள் நுழையாமல் போவது, பேசும் நேரத்தைக் குறைப்பது என்று பாகுபாட்டின் வடிவங்களை எடுத்துக் காட்டியது.

வரலாறு தலைகீழாகத் திரும்பியதைக் கவனியுங்கள், தோழர்களே. ஊர்க்காரர் வீட்டுப் பிரசவத்துக்கு நம் பெண் உள்ளறை வரை போனாள். நம் வீட்டுப் பிரசவத்துக்குப் பின் அரசின் பணியாளர் காலனி முனையில், அங்கன்வாடி வாசலில், வண்டியை விட்டு இறங்காமல் நிற்கிறார். பதிவேட்டில் 'பார்வையிடப்பட்டது' என்று ஒரு டிக் விழுகிறது.

இது மானப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை. பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர் என்ன செய்ய வேண்டும்? குழந்தையைக் கையில் எடுத்து எடை போட வேண்டும். சட்டையை விலக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். 60ஐத் தாண்டினால் ஆபத்து. தொப்புளில் சீழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடல் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். தாய் பால் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். இதில் எதையும் தொடாமல் செய்ய முடியாது. வாசலில் நின்றபடி "குழந்தை நல்லா இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். முதல் பிரசவம் கண்ட 20 வயதுப் பெண்ணுக்கு மூச்சு வேகமாக இருப்பது ஆபத்து என்று எப்படித் தெரியும்?

தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. பெரிய சாதனை. 2020 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 1,000 குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பவை 13. இந்திய அளவில் அது 28. ஆனால் அந்த 13இல் 9 குழந்தைகள் முதல் 28 நாட்களுக்குள் இறப்பவை. ஆஸ்பத்திரியில் தாய் இருப்பது சில நாட்கள்தான். 28 நாட்களில் மீதி நாட்கள் காலனி வீட்டில் கழிகின்றன.

நம்மவர் நம் வீட்டுக்கு வந்தபோது

வீடு தேடிப் போனால் உயிர் பிழைக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தைகளை வீட்டிலேயே போய்ப் பார்க்க வைத்தார்கள். மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைவாக இருந்ததை 1999இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது. அதே மாநிலத்தின் ஜாம்கேட்டில் 1970இல் ரஜினிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே தொடங்கிய திட்டத்தில் கிராம சுகாதாரப் பணியாளர்களாக வந்தவர்களில் பலர் பள்ளிக்கே போகாத தலித் பெண்கள். முதலில் அவர்களை வீட்டுக்குள் விட மறுத்த சாதி வீடுகள், குழந்தைக்கு நோய் வந்ததும் கதவைத் திறந்தன. இந்த முறை அவள் தீட்டுக்காரியாகப் போகவில்லை, அறிவு தெரிந்த பணியாளராகப் போனாள்.

கடல் தாண்டியும் இதே கதைதான். அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் குடியேறிய தாய்மார்களைத் தேடி, அதே சமூகத்துப் பெண்கள் 'ப்ரொமோத்தோரா' என்ற பெயரில் வீடு வீடாகப் போகிறார்கள். ஆங்கிலம் பேசும் அதிகாரியிடம் வாய் திறக்காத தாய் இவளிடம் பேசுகிறாள். யார் வருகிறார், எந்த மொழியில் பேசுகிறார், உள்ளே வந்து உட்காருகிறாரா என்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதிதான்.

இன்று நாம் கேட்க வேண்டியது

கட்சிரோலியின் அனுபவத்தை வைத்து 2011இல் மத்திய அரசு பச்சிளங்குழந்தை வீட்டுப் பராமரிப்பு வழிகாட்டுதலைக் கொண்டுவந்தது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். ஆறு வருகை. இந்த ஆறு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருகிறது. வரவேற்கிறோம். மாத்திரை வரும் வழியில் பச்சிளங்குழந்தையைத் தொட்டுப் பார்க்கும் கையும் வரவேண்டும்.

கெலமங்கலத்தில் இதற்குக் கூடுதல் சிக்கல்கள் உண்டு. பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண் எல்லை தாண்டி ஆனேக்கல் பக்கம் போய்விடுவாள். இங்கே பிக்மி எண், அங்கே 'தாயி' அட்டை. இரண்டு மாநிலப் பதிவேட்டுக்கும் நடுவில் குழந்தை விழுந்துவிடலாம். தொழிற்பேட்டையை நம்பி வந்து லைன் வீடுகளில் வாடகைக்கு இருக்கும் வடமாநிலத் தாய்மார்கள் யாருடைய பட்டியலில் இருக்கிறார்கள்? பெட்டமுகிலாளம் மலைக் குக்கிராமங்களில் வாழும் இருளர் தாய்மார்களுக்கு அந்த ஆறு வருகையில் எத்தனை கிடைக்கிறது?

செவிலியர் நம் எதிரி அல்ல. 5,000 பேரைப் பார்க்கும் ஒற்றைப் பெண், செயலியில் தரவு ஏற்றியே சோர்ந்து போகிறார். செவிலியர்களில் நம் சமூகத்துப் பெண்களும் இருக்கிறார்கள். சாதி வீடுகளில் திண்ணையோடு நிறுத்தப்படும் அவமானத்தை அவர்களும் சொல்கிறார்கள். காலியிடங்களை நிரப்பு, வேலைப்பளுவைக் குறை என்ற அவர்களுடைய கோரிக்கை நம் கோரிக்கையும்தான்.

2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்.ஏ) பிரிவு, நம்மை மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் நுழைய விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. நாம் அவர்களுடைய கட்டடத்துக்குள் போவதைப் பற்றி அது பேசுகிறது. அரசு நம் வீட்டுக்குள் வருவதைப் பற்றிப் பேச, நம்மிடம் இருக்கும் ஆயுதம் அந்த ஆறு தேதிகள்.

எனவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் காலனியில் கடந்த ஆறு மாதத்தில் பிள்ளை பெற்ற தாய்மார்களைப் போய்ப் பாருங்கள். எந்தெந்த நாளில் வந்தார்கள், வீட்டுக்குள் வந்தார்களா, குழந்தையைக் கையில் எடுத்து எடை போட்டார்களா என்ற மூன்று கேள்விகளையும் தாயின் சம்மதத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். பெயர்கள் வெளியே போகக்கூடாது. துணை சுகாதார நிலையத்தின் வருகை எண்ணிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, கிராம சபையில் எழுந்து வாசியுங்கள். ஊர்த் தெருவுக்கும் காலனிக்கும் இடையே வித்தியாசம் இருந்தால் அது அங்கே எல்லோர் முன்னாலும் தெரியட்டும்.

ஜெய்பீம்.